சொன்னதைச் சொன்னவள்

அரசியல் விவாதம் என்றாலே நிரோஷினிக்கு வாய் கசக்கும். வீட்டில் யாராவது தொலைக்காட்சியில் அந்த மாதிரி நிகழ்ச்சியைப் போட்டுவிட்டால், அடுப்பில் ஒன்றும் இல்லாவிட்டாலும் எழுந்து குசினிக்குப் போய்விடுவாள். "ஒனக்கு நாட்டு நடப்புல கொஞ்சங்கூட அக்கறை இல்ல" என்பான் அவள் கணவன் ரவிகுமார். கண்டி மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு ஹார்ட்வெயார் கடைக்கு லொறி ஓட்டுகிறவன். செய்தி கேட்காமல் அவனுக்குச் சோறு இறங்காது. அவன் காசு கொடுத்துப் பத்திரிகை வாங்கிப் படிக்கிற பேச்சையெல்லாம் பத்து வருஷத்துக்கு மேலாகத் தன் வாயாலேயே பேசிப் பிழைத்தவள் அவள் என்பது அவனுக்கு அடிக்கடி மறந்துபோகும்.

நிரோஷினி உரைபெயர்ப்பாளர். கூட்டம் நடக்கிற மண்டபத்தின் பின்மூலையில் ஒரு கண்ணாடிக் கூண்டு வைத்திருப்பார்கள். மேடையில் ஒருவர் சிங்களத்தில் பேசப் பேச, அவள் அதற்குள் உட்கார்ந்து அதே நேரத்தில் தமிழில் சொல்வாள். சிங்களம் தெரியாதவர்களின் காதில் மாட்டிய ஹெட்போனில் அவள் குரல் கேட்கும். தமிழில் யாராவது பேசினால் அதைச் சிங்களத்தில் சொல்வாள். அந்தத் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. பேசுகிறவர் "நான்" என்றால் இவளும் "நான்" என்றுதான் சொல்ல வேண்டும். "அவர் சொல்கிறார்" என்று தள்ளி நிற்க முடியாது. யார் எதை உளறினாலும் அவள் வாயில் அது அவளுடைய பேச்சாகவே வெளியே வரும்.

"நான் இந்த மக்களுக்காக உயிரையும் கொடுப்பேன்" என்று அவள் சொல்லியிருக்கிறாள். "என் கை சுத்தம்" என்று சொல்லியிருக்கிறாள். அந்தக் கை எத்தனை பேருடைய காணியைத் தொட்டது என்று கண்டி முழுக்கத் தெரிந்திருக்கும்போதே சொல்லியிருக்கிறாள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக வாய் கொப்பளிப்பாள். தண்ணீரைத் துப்பிவிட்டுக் கொஞ்ச நேரம் தொட்டியையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

அவள் பிறந்தது கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில். அப்பாவும் அம்மாவும் அங்கேயே வேலை. உயர்தரப் பரீட்சை எழுதினாள், பெறுபேறு பல்கலைக்கழகத்துக்குக் காணாது என்று ஆனதும் பல்லேகலவில் ஒரு கார்மண்டுக்குத் துணி தைக்கப் போனாள். சிங்களப் பெண்பிள்ளைகளோடு ஒரே அறையில் தங்கி, ஒரே சட்டியில் சமைத்துச் சாப்பிட்டு, ஒரு வருஷத்துக்குள் சிங்களத்தில் சண்டை போடுகிற அளவுக்குத் தேறிவிட்டாள். அங்கே மேற்பார்வை செய்த அம்மாளுக்குத் தமிழ் தெரியாது. தோட்டங்களிலிருந்து வந்த பெண்கள் பிழை செய்தால் நிரோஷினியைக் கூப்பிடுவாள்.

"இந்த எருமைகளுக்குச் சொல்லு. மெசின் மிதிக்கத் தெரியாவிட்டால் திரும்பிப் போய் மலையிலேயே கிடக்கச் சொல்லு."

நிரோஷினி திரும்பி, "கொஞ்சம் கவனமா செய்யச் சொல்றாங்கடி" என்பாள்.

அம்மாளுக்குத் திருப்தி. பெண்களுக்கும் நிம்மதி. இடையில் அந்த எருமை மட்டும் அவள் தொண்டையில் தங்கிவிடும். பூசி மெழுகுகிற வித்தையை அவள் கற்றுக்கொண்டது அங்கேதான். பிறகு இரவல் புத்தகங்களை வைத்துப் படித்து, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் பரீட்சையில் தேறி, நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை எடுத்து, பிறப்புச் சான்றிதழும் காணி உறுதியும் மொழிபெயர்க்க உட்கார்ந்தபோது அந்த வித்தை கூடவே வந்தது. தொண்டு நிறுவனங்கள் கூட்டங்களுக்குக் கூப்பிட ஆரம்பித்ததும் அதுதான் அவளுக்கு நல்ல பெயர் வாங்கித் தந்தது. "நிரோஷினி இருந்தா பிரச்சினை வராது" என்றார்கள். மேடையில் இருக்கிறவர் தமிழர்களை ஒரு சொல் இளக்காரமாகச் சொன்னால், ஹெட்போனில் அது "தமிழ்ச் சகோதரர்கள்" என்று வரும். தமிழர் ஒருவர் கோபத்தில் கத்தினால், சிங்களத்தில் அது தாழ்மையான வேண்டுகோளாகப் போகும். இரண்டு பக்கமும் சிரித்துக்கொண்டே தேநீர் குடிக்கப் போவார்கள். கூண்டுக்குள் அவள் மட்டும் முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அரசியலமைப்பை மாற்றப் போகிறோம் என்று ஒரு அரசாங்கம் ஊர் ஊராகக் கருத்துக் கேட்ட காலத்தில் அவளுக்கு ஓயாத வேலை. அப்போதுதான் சட்டத்தரணி ஹல்யாலவின் குரலாக அவள் முதல்முறை ஆனாள். ஹல்யால முன்பு மாகாண சபையில் இருந்தவர். நரைத்த தலை, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, பேச்சின் நடுவே கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற பழக்கம். "நிறைவேற்று ஜனாதிபதி என்பது பழைய அரசனுக்குப் புதுப் பெயர். அதை ஒழிக்காமல் நான் ஓய மாட்டேன்" என்றார். அவளும் ஓய மாட்டேன் என்றாள்.

சில வருஷம் கழித்து அவருடைய கட்சி ஆள் ஜனாதிபதித் தேர்தலில் வெல்லப்போகிற நிலை. அதே ஹல்யால, அதே கண்ணாடி. "ஒரு ஏழை தன் கையால் நேரடியாகத் தெரிவு செய்கிற ஒரே தலைவர் ஜனாதிபதிதான். அந்த உரிமையில் கைவைக்கிறவன் தேசத் துரோகி." அதற்குப் பிறகு, சனங்கள் எரிவாயு வரிசையிலும் பெற்றோல் வரிசையிலும் நின்று நொந்து, வீதியில் இறங்கி, ஜனாதிபதியை நாட்டை விட்டு ஓடவைத்தார்கள். மிச்சக் காலத்துக்குப் பாராளுமன்றம் தனக்குள் வாக்களித்து ஒருவரைத் தெரிவு செய்தது. ஹல்யால மறுபடி மேடையேறினார். "பார்த்தீர்களா, எவ்வளவு கண்ணியமாக முடிந்தது! இதைத்தானே நான் அன்றிலிருந்து சொல்கிறேன்." மூன்று முறையும் குரல் ஒரே இடத்தில் தழுதழுத்தது. ஒரே பகிடியை ஒரே இடத்தில் விட்டார். பகிடி வரப்போகிற இடம் அவளுக்கு அத்துப்படி ஆகிவிட்டதால், மூன்றாவது முறை அவர் வாயைத் திறப்பதற்குள் இவள் சொல்லி முடித்துவிட்டாள். ஹெட்போன் போட்டிருந்தவர்கள் மற்றவர்களுக்கு முன்னால் சிரித்தார்கள். அதற்கு அவள் வெட்கப்பட்டாள்.

போன வருஷம் கண்டிப் பெரஹராத் திருவிழா முடிந்த மறுவாரம் ஸுமைரா கூப்பிட்டாள். வெளிநாட்டு உதவியில் ஓடுகிற ஒரு நிறுவனத்தின் கண்டி அலுவலகம் ஸுமைராவின் பொறுப்பில் இருந்தது. கட்டுகஸ்தோட்டைக்காரி, சுறுசுறுப்பானவள், நிரோஷினிக்கு அதிக வேலை தந்தவளும் அவள்தான்.

"நிரோ, சனிக்கிழம ஒரு விவாதம் ஈக்கு. ஜனாதிபதிய சனம் தெரிவு செய்யணுமா, பாராளுமன்றம் தெரிவு செய்யணுமா என்டு. புது அரசியலமைப்பு வரப்போகுதே, அதுக்காக. பாராளுமன்றம் என்ட பக்கம் ஹல்யால சேர் பேசுறார். சனம் என்ட பக்கம் ஒங்கட ஆள்தான், வீரசிங்கம். கலஹாப் பக்கத்தால ஒரு பஸ் சனமும் வருது. நீங்க ஒருத்தரே சமாளிப்பீங்கதானே?"

வழக்கமாகக் கூண்டுக்கு இரண்டு பேர். ஒருவர் களைத்தால் மற்றவர் பிடிப்பார். ஒற்றையாளாகச் செய்யச் சொன்னது பிடிக்காவிட்டாலும் நிரோஷினி ஒப்புக்கொண்டாள்.

வாவிக்கு மேலே, மலைச் சரிவில் ஒரு ஹோட்டல் மண்டபம். மேடையின் பின்னால் மூன்று மொழியிலும் பெரிய பதாகை. தமிழில் 'மக்கள்' என்பதை 'மக்கல்' என்று அடித்திருந்தார்கள். ஸுமைராவிடம் காட்டினாள். "அச்சச்சோ" என்றாள் ஸுமைரா, "இனி என்ன செய்ய, யாரும் கவனிக்க மாட்டாங்க." தோட்டத்துச் சனங்கள் முன்னதாகவே வந்து பின்வரிசைக் கதிரைகளில் உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். கல்யாணத்துக்குப் போகிற சேலையைக் கட்டியிருந்தார்கள். ஹெட்போனை எப்படி மாட்டுவது என்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஆரம்பிப்பதற்கு முன் ஹல்யால கூண்டுக்குப் பக்கத்தில் வந்தார். கையில் தேநீர்க் கோப்பை.

"நங்கி, நான் பேசுவதையெல்லாம் அந்த மனிதர்களுக்குச் சொல்லிச் சிரமப்படாதே" என்றார் சிங்களத்தில், தங்கையைக் கூப்பிடுகிற அன்போடு. "அவ்வளவும் அவர்களுக்கு விளங்காது. சாரத்தை மட்டும் கொடு, போதும்."

அவர் நகர்ந்ததும் வீரசிங்கம் வந்தார். தோட்டத் தொழிற்சங்கத்தின் மாவட்டத் தலைவர். அவருக்கு முன் அந்தக் கதிரையில் இருந்தவர் அவருடைய அப்பா. பட்டு வேட்டியும் வாசனையுமாகக் கூண்டின் கதவில் சாய்ந்துகொண்டார்.

"தங்கச்சி, ஒங்கப்பா நம்ம சங்கத்து ஆளுதானே? நல்லது. இந்த ஹல்யால கொஞ்சம் வாய்த்துடுக்கு. ஏதாச்சும் ஏடாகூடமா சொன்னார்னா அத அப்பிடியே விட்டுருங்க. நம்ம சனம் கேட்டுட்டு சத்தம் போட்டுச்சின்னா எனக்குத்தான் சங்கடம். மத்தியானம் அவரும் நானும் ஒண்ணாத்தான் சாப்பிடப் போறோம், ஒரு வேல விசயமா."

எதிர் எதிரே நின்று மோதப் போகிற இரண்டு பேரும் ஒரே காரியத்துக்காக ஒருவர் பின் ஒருவராக வந்து போயிருக்கிறார்கள். ஹல்யால கோப்பையை அவள் மேசையிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார். கோப்பையை எடுத்துக் கதவுக்கு வெளியே தரையில் வைத்தாள்.

முதலில் வீரசிங்கம் பேசினார். தமிழில் தொடங்கி, முன்வரிசையில் இருந்த பெரியவர்களுக்காகச் சிங்களத்துக்குத் தாவினார். சிங்களம் அவருக்கு நன்றாக வரும். "எங்கள் மக்களின் வாக்குத்தான் ஜனாதிபதியைத் தீர்மானிக்கிறது. ஒவ்வொரு தேர்தலிலும் வேட்பாளர்கள் எங்கள் வாசலுக்கு வருகிறார்கள். அந்த வாய்ப்பை எங்களிடமிருந்து பறிக்காதீர்கள்" என்றார். எங்கள் வாசல் என்று அவர் சொன்னது கண்டி நகரில் அவர் கட்டியிருக்கும் மாடி வீட்டு வாசலை. தோட்டத்தில் லயம் என்கிற வரிசை வீடுகளின் வாசலுக்கு வந்த வேட்பாளர் யாரையும் நிரோஷினி கண்டதில்லை. ஆனாலும் அதையும் சொன்னாள். பின்வரிசைப் பெண்கள் கை தட்டினார்கள்.

பிறகு ஹல்யால எழுந்தார். கொஞ்ச நேரம் வேறு நாடுகளின் உதாரணங்கள். அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் ஒளிவுமறைவில்லாமல் பேசுகிறேன். நேரடி வாக்கு என்கிறோமே, யார் போடுகிற வாக்கு? இதோ, இந்தத் தோட்டத்து ஆட்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு போத்தல் சாராயத்துக்கும் நாலு கூரைத் தகரத்துக்கும் வாக்கை விற்கிறவர்கள். சங்கத் தலைவர் எந்தப் பக்கம் ஓட்டுகிறாரோ அந்தப் பக்கம் போகிற மந்தை. ஒரு நாட்டின் தலைவிதியை இவர்கள் கையில் கொடுக்கலாமா?"

முன்வரிசையில் இலேசாகச் சிரிப்பு எழுந்தது. மேடையில் வீரசிங்கம் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, யோசிப்பவர்போலத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

கூண்டுக்குள் நிரோஷினி ஒரு வாக்கியம் பின்தங்கினாள். மெழுகுகிற சொற்கள் நாக்கின் நுனியில் தயாராக நின்றன. 'வறுமையில் வாடும் தோட்ட மக்கள் சிலவேளை தவறாக வழிநடத்தப்படுகிறார்கள்.' அவ்வளவுதான். சொல்லிவிட்டால் மத்தியானம் எல்லாரும் சாப்பிடலாம். அவர் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருந்ததும் அவளை உறுத்தியது. அவளுடைய லயத்துக்கும் ஒரு தேர்தலுக்கு முன்னால் தகரம் வந்தது. தலைவர் சொன்ன சின்னத்துக்குத்தான் போட்டேன் என்று அப்பா பெருமையாகச் சொன்னதையும் அவள் கேட்டிருக்கிறாள். தகரத்தை லொறியில் ஏற்றி அனுப்பியவர்கள் மேடையில் உட்கார்ந்திருக்க, வாங்கியவர்களைப் பற்றி அவள் வாயாலேயே இப்படிப் பேசவைக்கிறார்கள். அதைத் தேன் தடவிக் கொடுக்கவும் அவளையே ஏவுகிறார்கள். சீ என்று வந்தது.

மைக்கை நெருக்கி வைத்துக்கொண்டு சொன்னாள். ஒரு போத்தல் சாராயம், நாலு தகரம், வாக்கை விற்கிறவர்கள், மந்தை. ஒன்றையும் விடவில்லை, ஒன்றையும் கூட்டவும் இல்லை. "இவர்கள் கையில் கொடுக்கலாமா?" என்று அவர் கேட்ட அதே தொனியிலேயே கேட்டாள்.

பின்வரிசையில் ஓர் அசைவு. ஹெட்போன்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. நடுவிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். அறுபத்தைந்து வயது இருக்கும், ஒடிசலான உடம்பு, மூக்கில் இரண்டு பக்கமும் மூக்குத்தி. பாப்பம்மா என்று பிறகு தெரிந்தது.

"ஐயா, ஒரு நிமிசம்" என்றாள் தமிழில். "நீங்க சொன்னது நல்லா வெளங்குச்சிங்க. நானும் ஒரு வார்த்த சொல்லணும்."

கூட்டத்தை நடத்திய கனவான் ஸுமைராவைப் பார்த்தார். ஸுமைரா கூண்டைப் பார்த்தாள். நிரோஷினி பொத்தானை மாற்றிச் சிங்களத்தில் தொடங்கினாள். தொடங்கிய பிறகுதான் கவனித்தாள். மேடையில் இருந்த யாரும் ஹெட்போன் மாட்டவில்லை. முன்வரிசையிலும் இல்லை. கொடுத்த ஹெட்போன்கள் மேசைமேல் தண்ணீர்ப் போத்தல்களுக்குப் பக்கத்தில், வயர் சுற்றியபடியே கிடந்தன. காலையிலிருந்தே அப்படித்தான் கிடந்தன. தமிழில் யாராவது ஏதாவது சொல்வார்கள், அதைக் கேட்க வேண்டிவரும் என்ற எண்ணமே அங்கே யாருக்கும் வந்திருக்கவில்லை. பத்து வருஷமாக இப்படித்தானோ என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. கேட்காத காதுகளுக்காகவா அவள் கோபங்களை வேண்டுகோளாக மாற்றிக்கொண்டிருந்தாள்?

அவள் கூண்டின் கதவைத் திறந்து வெளியே வந்தாள். நடந்து போய்ப் பாப்பம்மாவுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"நீங்க சொல்லுங்கம்மா. நான் அவங்களுக்குச் சத்தமா சொல்றேன்."

பாப்பம்மா அவளை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள். நிரோஷினி ஒவ்வொரு பேச்சையும் வாங்கி மண்டபம் கேட்கும்படி சிங்களத்தில் சொன்னாள்.

"தகரம் வாங்குனோம். இல்லன்னு சொல்லல. கூர ஒழுகிச்சி, குடுத்தாங்க, வாங்குனோம். அந்தக் கட்சியும் குடுத்திச்சி, இந்தக் கட்சியும் குடுத்திச்சி. குடுக்கிறப்ப யாரும் எங்கள மந்தைன்னு சொல்லல, அம்மான்னுதான் சொன்னாங்க. வோட்ட யாருக்குப் போட்டோம்னு ஐயாவுக்கு எப்பிடித் தெரியும்? அந்த அட்ட மறைப்புக்குப் பின்னால நான் மட்டுந்தான நின்னேன்?"

ஹல்யால புன்னகையோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்கு வோட்டு கெடைக்கிறப்ப மூத்த மகளுக்குக் கல்யாணமே முடிஞ்சிருச்சி. அதுவரைக்கும் எங்கள நாடில்லாத சனம்னாங்க. எங்க அப்பா காலத்துல இருந்த வோட்ட, வெள்ளக்காரன் போனதும் எடுத்தது யாரு? ஐயா இப்ப சொல்றீங்களே, அந்தப் பாராளுமன்றந்தான? உள்ளுக்குள்ள கைய தூக்கிக்கிட்டாங்க, வெளிய நாங்க ஒண்ணுமில்லாம போயிட்டோம். இப்ப மறுபடியும் அவங்களே உள்ளுக்குள்ள பாத்துக்குறேன்னா எப்பிடி?"

பிறகு மேடையின் மறுபக்கம் திரும்பினாள்.

"தலைவரே, ஒங்களுக்குத்தான் சிங்களம் நல்லா தெரியுமே. அவரு எங்கள அப்பிடிச் சொல்றப்ப ஒங்க காதுல விழலியா? தலைய ஆட்டிக்கிட்டு ஒக்காந்திருந்தீங்களே."

நிரோஷினி அதையும் சிங்களத்தில் சொன்னாள். சொல்லும்போது வீரசிங்கத்தின் முகத்தையே பார்த்துச் சொன்னாள்.

யாராவது தலை குனிவார்கள் என்று அவள் எதிர்பார்த்திருக்கலாம். ஒருவரும் குனியவில்லை. நடத்தியவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "மிகவும் பயனுள்ள கருத்து, நேரம் போதாமையால் இத்துடன்" என்றார். ஹல்யால மேடையிலிருந்து இறங்கி வந்து, கை தட்டி, "பொஹொம ஹொந்தயி அம்மே", மிக நல்லது அம்மா, என்று பாப்பம்மாவின் தோளில் கை போட்டார். நிறுவனத்தின் படப்பிடிப்பாளர் ஓடிவந்தார். வீரசிங்கமும் மறுபக்கம் வந்து நின்றுகொண்டார். பாப்பம்மா என்ன செய்வதென்று தெரியாமல் நேரே பார்த்தாள். மூவரையும் சேர்த்துப் படம் பிடித்தார்கள். அன்று மாலையே அது 'மக்கள் குரல் ஒலித்த மேடை' என்ற தலைப்போடு முகநூலில் ஏறியது.

அதன் பிறகு எல்லாரும் புரியாணி சாப்பிடப் போனார்கள். ஹல்யாலவும் வீரசிங்கமும் சன்னல் ஓரத்து மேசையில் தலையோடு தலை வைத்துப் பேசிக்கொண்டு சாப்பிட்டார்கள். நடுவில் வீரசிங்கம் எலும்பைக் கையில் பிடித்தபடி ஒருமுறை நிரோஷினியைத் திரும்பிப் பார்த்தார். அவள் தட்டை எடுக்காமலே இறங்கி வந்துவிட்டாள்.

வீட்டில் நடந்ததைச் சொன்னபோது ரவிகுமார் சிரித்தான், பிறகு சிரிப்பை நிறுத்தினான்.

"சரி, நீ என்னா நெனைக்கிற? யாரு தெரிவு செய்யணும்?"

இத்தனை கூட்டத்தில் ஒருவரும் அவளிடம் கேட்காத கேள்வி. அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

"சனந்தாங்க. தப்பாப் போட்டாலும் சனமே போடட்டும். போட்டுட்டு ஏமாந்து, வரிசையில நின்னு, நாமளே கத்திட்டு, மறுபடி நாமளே மாத்திப் போடுவோம். அந்த ரெண்டு பேரும் ஒரே மேசையில எலும்பு கடிச்சிக்கிட்டிருந்தாங்களே, அத நீங்க பாக்கல. இவனுக உள்ள ஒக்காந்து நமக்கு ஒருத்தரத் தெரிவு செய்யிறதான்னு நெனச்சாலே கொமட்டுது."

"சனம் போட்டதும் அந்த மாதிரி ஆள்களத்தானே?"

"ஆமா. அதுவும் கொமட்டத்தான் செய்யிது" என்றாள்.

திங்கட்கிழமை ஸுமைரா அலுவலகத்துக்கு வரச் சொன்னாள். கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினாள்.

"நிரோ, ஒங்கள எனக்கு எவ்வளவு விருப்பம் என்டு தெரியும்தானே. ஆனா ரெண்டு பேரும் சேர்ந்து முறைப்பாடு செஞ்சீக்காங்க. கொழும்புக்கே எழுதிட்டாங்க. உரைபெயர்ப்பாளர் கூண்ட விட்டு வெளிய வரக்கூடாதுதானே?"

"வெளிய வந்தது தப்புதான். ஒத்துக்குறேன். உள்ள இருந்து சொன்னது?"

"அதத்தான் கொஞ்சம் மெதுவாக்கிச் சொல்லியிருக்கலாமே. நீங்க எப்பவும் அப்படித்தானே செய்வீங்க?"

"அவரு என்ன சொன்னாரோ அதத்தான் சொன்னேன். அவர யாராச்சும் மெதுவாப் பேசச் சொன்னீங்களா?"

ஸுமைரா மேசையிலிருந்த பேனாவைத் திறந்து மூடினாள். "எனக்கு மேலயும் ஆக்கள் ஈக்காங்க, நிரோ" என்றாள் கடைசியில். அவள் கெட்டவள் இல்லை. அதுதான் நிரோஷினிக்கு இன்னும் கசந்தது. எழுந்து வந்துவிட்டாள்.

அதோடு கூட்டங்களுக்கு அழைப்பு நின்றது. ஒரு நிறுவனம் நிறுத்தினால் மற்ற நிறுவனங்களுக்கும் கதை போகும், கண்டி அவ்வளவு பெரிய ஊர் இல்லை. நீதிமன்றத்துக்குப் பக்கத்து அறையில் சான்றிதழ் வேலைதான் மிஞ்சியது. அது போதாமல், வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட தோட்டத்து ஆட்களுக்காகத் தொழில் வழக்குகளில் உரைபெயர்க்க ஆரம்பித்தாள். அங்கே விசாரிக்கிற அதிகாரி அவள் சொல்வதைக் கேட்டாக வேண்டும், எழுதிக்கொள்ளவும் வேண்டும். கங்காணி கெட்ட வார்த்தை சொன்னதாக ஒருவர் சொன்னால், அந்தக் கெட்ட வார்த்தையையே சொன்னாள். முதல்நாள் அதிகாரி பேனாவை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். "அதே சொல்லா?" என்று கேட்டார். "அதே சொல்தான் சேர்" என்றாள்.

ஒருநாள் குட்செட் பஸ் நிலையத்தில் பாப்பம்மாவைக் கண்டாள். ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டுக் கலஹா பஸ்ஸுக்கு நின்றிருந்தாள்.

"அன்னைக்கி சத்தமா சொன்ன புள்ள தானே நீ?" என்று பாப்பம்மாவே கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்லா இருக்கியா? ஒனக்கு ஏதும் கரச்சல் குடுத்தாங்களா?"

"கொஞ்சம். ஒங்களுக்கும்மா?"

"எங்களுக்கு என்னா. இப்ப எங்க தோட்டத்துச் சனத்த கூட்டத்துக்குக் கூப்பிடுறதில்ல. வேற தோட்டத்துல இருந்து கூட்டிக்கிட்டுப் போறாங்களாம், வாயத் தொறக்காத ஆளுகளாப் பாத்து." பாப்பம்மா வெற்றிலை எச்சிலை ஓரமாகத் துப்பினாள். "நீ சொன்னியே சிங்களத்துல, நாங்க சொன்னத அப்பிடியேதான் சொன்னியா?"

"அப்பிடியேதான்."

"அப்பறமும் அந்தாளு சிரிச்சிக்கிட்டே வந்து கட்டிப் புடிச்சானே. என்னா சென்மமோ" என்றாள் பாப்பம்மா. பஸ் வந்ததும் முண்டியடித்து ஏறிக்கொண்டாள்.

இந்த வருஷத் தொடக்கத்தில் ஸுமைரா மறுபடி தொலைபேசியில் பேசினாள். குரலில் பழைய உற்சாகம்.

"நிரோ, நல்ல செய்தி. பெரிய மாநாடு ஒன்டு ஈக்கு. ஹல்யால சேரே ஒங்களக் கேக்குறார். தமிழ் நல்லாச் சொல்ற அந்த நங்கிதான் வேணும் என்டு சொன்னார்."

நிரோஷினிக்கு ஒரு கணம் விளங்கவில்லை. "என்னய ஞாபகம் இருக்கா அவருக்கு?"

"பேர் தெரியாது. குரல் நல்லம் என்டார். முறைப்பாடெல்லாம் மறந்துட்டார் போல. அத விடுங்களே."

மறந்துவிட்டார். அவள் வேலையைப் பறித்த முறைப்பாட்டில் கையெழுத்துப் போட்டதுகூட அந்த மனிதனுக்கு ஞாபகமில்லை. கோபம் வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. அழுகிய எதையோ மிதித்துவிட்டதுபோல உள்ளங்காலிலிருந்து ஒரு கூச்சம்தான் ஏறியது.

"இந்தத் தடவ என்ன தலைப்பு?"

"அதே தலைப்புத்தான். ஆனா சேர் இப்ப மத்தப் பக்கம். ஜனாதிபதிய சனமே நேரடியா தெரிவு செய்யணும், அது அவங்கட பிறப்புரிம என்டு பேசப்போறார். அவங்கட கட்சி அடுத்த ஜனாதிபதித் தேர்தலுக்கு ஆள் போடுறாங்களாம். நீங்களும் அந்தப் பக்கம்தானே நிரோ? ஒங்களுக்கு விருப்பமான பேச்சாத்தானே ஈக்கும்?"

அவள் நம்புவதைத்தான் அவர் சொல்லப்போகிறார். அவள் வீட்டுக் குசினியில் நின்று கணவனிடம் சொன்னதையே, கண்ணாடியைத் துடைத்தபடி, தழுதழுத்த குரலில். அதை அவருடைய 'நான்' ஆக அவள் சொல்ல வேண்டும். மந்தை என்று சொன்னபோது இருந்ததைவிட இப்போதுதான் அவளுக்கு அதிகமாகக் குமட்டியது.

"வேற யாரையாவது பாருங்க, ஸுமைரா" என்றாள்.

"யோசிச்சிச் சொல்லுங்களே. ஒங்களுக்கும் வேல வேணும்தானே?"

"வேணும்தான்."

தொலைபேசியை வைத்தாள். எதிரே கதிரையில் கலஹாவிலிருந்து வந்த ஒருவர், வேலைநீக்கக் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். தோட்டத்துரை தன்னை என்ன சொல்லித் திட்டினார் என்பதைச் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது.

"வெக்கப்படாம சொல்லுங்க அண்ணே" என்றாள் நிரோஷினி. "அவரு சொன்னத அப்பிடியே சொல்லுங்க."